காற்றின் கணக்கும் எமது கடமையும்

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்றைய பேச்சுக்குப் "பாய்பொருள்களின் ஓட்டத்தையும் வெப்பம் செல்வதையும் எண்களாற் கணித்தல்" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். இது பல்கலைக்கழகத்துக்குரிய விஷயம், எமக்கு இதனால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். பாய்பொருள் என்றால் ஓடக்கூடிய பொருள், அவ்வளவே. நீர், காற்று, நீராவி, புகை யாவும் பாய்பொருள்களே. காற்றும் நீரும் நெருப்பும் சேராமல் ஊவாவில் ஒரு றாத்தல் தேயிலையும் உண்டாவதில்லை. ஆகவே இந்த விஷயம் எமது தோட்டத்து ஸ்டோர்களுக்குள்ளே நாள்தோறும் நடந்துகொண்டேயிருக்கிறது. அங்கிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை எமது முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்தார்கள். அவர்கள் வந்து குடியேறிய இந்த மலைகளில் ஆடிக் காற்றுக்கு வேறொரு குணமும் இருப்பதை அனுபவத்தாற் கண்டார்கள். ஹற்றனிலும் மஸ்கெலியாவிலும் மழை கொட்டும் அதே வாரங்களில், பதுளையிலும் பசறையிலும் காற்று வறண்டு, உதடு வெடித்து, புல் காய்கிறது. காரணம் என்ன?

ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குச் சரிவுகளில் ஏறுகிறது. ஏறும் காற்றுக் குளிர்கிறது. குளிரவே அதிலுள்ள ஆவி மேகமாகி மழையாகப் பொழிகிறது. மலைத்தொடரைக் கடந்தபின் அதே காற்று வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கமாக இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கப்படுவதாற் சூடேறுகிறது. மேகத்தோடு ஏறும் காற்று 1000 மீற்றருக்கு ஏறக்குறைய 6 பாகை குளிரும். ஈரமிழந்து இறங்கும் காற்று 1000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை சூடேறும். 700 மீற்றர் உயரத்தில் மேகமாகத் தொடங்கி, 2000 மீற்றர் வரை ஏறி, மறுபுறத்தில் 700 மீற்றருக்கே இறங்கும் காற்றை எடுத்துக்கொள்வோம். ஏறும்போது இழந்தது சுமார் 8 பாகை. இறங்கும்போது பெற்றது 13 பாகை. மிச்சம் 5 பாகை. ஆவி மழைத்துளியாக மாறியபோது விட்டுச்சென்ற வெப்பமே இந்த மிச்சம். ஹற்றனிற் பெய்த மழையின் வெப்பத்தைப் பதுளையில் நாம் காற்றாக அனுபவிக்கிறோம்.

ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரையான அந்த வறண்ட வாரங்களிற் பறிக்கும் கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித்தந்த மணம் பிறக்கிறது. ஆகவே பாய்பொருளின் ஓட்டமும் வெப்பமும் எமது சோற்றோடு தொடர்புடையவை என்பதில் ஐயமில்லை.

இனி ஸ்டோருக்குள்ளே போவோம். மடுவத்தில் நிறுத்து அனுப்பிய பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு நீர். கடையில் விற்கும் தேயிலையில் ஏறக்குறைய 3 பங்கு மாத்திரமே நீர். இதைக் கணக்குப் பார்த்தால், ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். மூன்றரைக் கிலோ தண்ணீரைக் காற்றோடு அனுப்பிவிட வேண்டும். அதில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீர் வாட்டும் மாடியிலே போகிறது. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்டது டிரையரிலே போகிறது. தேயிலை செய்வது என்பது பெரும்பாலும் தண்ணீரை வெளியேற்றும் தொழிலே என்றால் மிகையாகாது.

ஆனால் வெளியேற்றும் விதத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பழைய காலத்து ஸ்டோர்களின் மேல்மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல்கள் இருப்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். சாக்குத்துணித் தட்டுகளிற் கொழுந்தைத் தூவி, காற்றின் திசை பார்த்து எந்த ஜன்னலைத் திறப்பது, எதைச் சாத்துவது என்று டீமேக்கர் ஐயா தீர்மானிப்பார். பிற்காலத்தில் கம்பிவலை போட்ட நீண்ட தொட்டிகளும் மின்விசிறிகளும் வந்தன. தொட்டியின் ஒரு முனையிலிருந்து விசிறி காற்றைத் தள்ளும். அது வலைக்கு மேலே பரப்பிய கொழுந்தின் ஊடாக மேலெழும். கொழுந்து ஓரிடத்திற் கனமாகவும் ஓரிடத்தில் மெல்லிதாகவும் கிடந்தால், காற்று மெல்லிய இடத்தின் வழியே ஓடிவிடும். கனமான இடம் வாடாமல் ஈரமாகவே இருக்கும். தடை குறைந்த வழியே ஓடுவது பாய்பொருளின் சுபாவம்.

டிரையரில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஏறக்குறைய 90 பாகைக்கு மேற்பட்ட சூட்டோடு காற்று உள்ளே வருகிறது. ஏறக்குறைய 50 பாகையில் வெளியே போகிறது. இடையிலே சுமார் இருபது நிமிடத்திலே தேயிலை உலர வேண்டும். வெப்பம் அதிகமாகி வேகமாக உலர்ந்தால், தூளின் மேற்பாகம் ஓடுபோலக் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். அத்தகைய தேயிலை பெட்டியிலே கிடந்து கெடும். வெப்பம் போதாமல் மெதுவாக உலர்ந்தால், தேயிலை டிரையருக்குள்ளேயே வெந்து மணத்தை இழக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள பாதை மிகக் குறுகியது.

விறகின் கணக்கையும் பார்ப்போம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்குவதற்கு ஏறக்குறைய 2400 கிலோயூல் வெப்பம் வேண்டும். டிரையரிலே போக வேண்டிய நீருக்கு இக்கணக்குப்படி கால் கிலோ காய்ந்த விறகே போதும். ஆனால் நடைமுறையில் ஒரு கிலோ தேயிலைக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு எரிப்பது வழக்கம். மிச்ச வெப்பம் எங்கே போகிறது? புகைபோக்கி வழியாகப் போகிறது. டிரையரை விட்டு வெளியேறும் காற்றோடு போகிறது. சுவர் வழியாகவும், மூடாத இடுக்கு வழியாகவும் போகிறது. எங்கே எவ்வளவு போகிறது என்று தெரிந்தால்தானே அடைக்க முடியும்? மலையில் நிற்கும் மரமும், தோட்டத்தின் வரவுசெலவும், அதை நம்பியிருக்கும் தொழிலாளரின் வேலையும் இக்கேள்வியோடு பிணைந்திருக்கின்றன.

டிரையருக்குள்ளே புகுந்து பார்க்க மனிதனால் முடியாது. அங்கேதான் கணிதம் துணைக்கு வருகிறது. வெப்பம் ஒரு பொருளினூடே எவ்வாறு பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் போரியர் 1822-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் நேவியர் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளரும், 1845-ல் இங்கிலாந்தில் ஸ்ரோக்ஸ் என்பவரும், ஓடும் பொருளுக்குரிய சமன்பாடுகளை வகுத்தார்கள். தள்ளும் விசைக்கேற்ப வேகம் மாறும் என்ற நியூற்றனின் விதியே அவற்றுக்கு அடிப்படை. சமன்பாடுகள் ஒரு தாளில் அடங்கும். ஆனால் அவற்றைத் தீர்ப்பது மிகவும் கடினம். அச்சமன்பாடுகளுக்கு எப்பொழுதும் ஒழுங்கான விடை உண்டா என்று நிரூபிப்பவருக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு தருவதாக அமெரிக்காவிலுள்ள கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அறிவித்தது என்றால், அதன் கடினம் விளங்கும்.

முழுவதையும் ஒரேயடியாகத் தீர்க்க முடியாவிட்டால், சிறிது சிறிதாகப் பிரித்துத் தீர்ப்பது அறிவுடையோர் வழி. இதற்கு எமது தோட்டத்துச் செக்றோலையே உதாரணமாகக் கூறலாம். தோட்டம் முழுவதிலும் இன்று எத்தனை பேர் என்று துரை கேட்டால், கணக்கப்பிள்ளை மலை மலையாக எண்ணுகிறார். இந்த மலைக்கு வந்தவர் எத்தனை, இங்கிருந்து வேறு மலைக்குப் போனவர் எத்தனை, நிற்பவர் எத்தனை? வந்ததிலிருந்து போனதைக் கழித்தால் நின்றது. ஒரு மலையை விட்டுப் போனவர் அடுத்த மலையின் வரவிலே காணப்பட வேண்டும். இல்லையேல் கணக்குப் பிழை.

காற்றுக்கும் இதே கணக்குத்தான். டிரையரின் உட்புறத்தை மனத்தினாற் சிறு சிறு பெட்டிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் வந்த காற்று, போன காற்று, வந்த வெப்பம், போன வெப்பம், வந்த ஈரம், போன ஈரம் என்று பேரேடு வைக்க வேண்டும். நீளத்திற் பத்து, அகலத்திற் பத்து, உயரத்திற் பத்து என்று பிரித்தால் 1000 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மூன்று திசை வேகங்கள், அமுக்கம், வெப்பநிலை, ஈரம் என அறிய வேண்டியவை ஆறு. ஆக 6000 விடைகள். அடுத்த கணத்துக்கு மறுபடியும் 6000.

பெட்டியைப் பாதியாகச் சிறிதாக்கினாற் கணக்கு நுட்பமாகும். ஆனால் பெட்டிகள் எட்டு மடங்காகும். அதுமட்டுமன்று, ஒரு பெட்டியைக் காற்றுத் தாண்டிப் போவதற்குள் அதன் கணக்கை எடுத்துவிட வேண்டும் என்று ஜெர்மனியைச் சேர்ந்த கூரன்ற், பிரீட்ரிக்ஸ், லூயி ஆகிய மூவரும் 1928-ல் காட்டினார்கள். ஆட்கள் மலை மாறிய பின் பேர் எழுதினால் ஒருவரே இரண்டிடத்தில் வருவதைப் போன்ற தவறு நேரும். ஆகவே பெட்டி பாதியானால் நேரமும் பாதியாக வேண்டும். வேலை பதினாறு மடங்காகும்.

இவ்வளவு பெரிய கணக்கை முதன்முதல் கையாற் செய்து பார்த்தவர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். போரை வெறுத்த அவர், முதலாம் உலகப் போரிற் காயம்பட்டோரை ஏற்றும் வண்டிகளைப் பிரான்சில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு நேரங்களில் வளிமண்டலத்தைப் பெட்டிகளாகப் பிரித்து, 1910-ஆம் ஆண்டு மே 20-ஆம் திகதிக்குரிய ஆறு மணி நேர வானிலையைக் கணித்தார். அதற்கு ஆறு வாரங்கள் சென்றன. போரின் குழப்பத்திற் கையெழுத்துப் பிரதி தொலைந்து, சில மாதங்களின் பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியிலே கண்டெடுக்கப்பட்டது. 1922-ல் நூலாக வெளியாயிற்று.

விடை என்ன? ஆறு மணி நேரத்தில் அமுக்கம் 145 மில்லிபார் ஏறும் என்றது கணக்கு. அன்று உண்மையில் அமுக்கம் ஏறக்குறைய அசையாமலே இருந்தது! ரிச்சர்ட்சன் அதை மறைக்கவில்லை. முழுவதையும் அச்சிட்டு, தொடக்கத்திற் கொடுத்த காற்றின் அளவுகளிலேதான் குறை இருக்க வேண்டும் என்று எழுதினார். பல்லாண்டுகளின் பின் அயர்லாந்தைச் சேர்ந்த பீற்றர் லிஞ்ச் என்ற வானிலை அறிஞர் அதே கணக்கை, தொடக்க அளவுகளை மாத்திரம் ஒழுங்குபடுத்தி, மறுபடியும் செய்து பார்த்தார். பொருத்தமான விடை வந்தது. முறை சரியே, கொடுத்த அளவுகளே குறையுடையன. அன்பர்களே, இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் உயிர் இதுவே.

1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினி 24 மணி நேர வானிலையை ஏறக்குறைய 24 மணி நேரத்திற் கணித்தது. அதன் பின் பொறியியலாளரும் இம்முறையைக் கைக்கொண்டனர். ஆயினும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. காற்றின் வேகத்தை அறிய அமுக்கம் தெரிய வேண்டும். அமுக்கத்தை அறிய வேகம் தெரிய வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் இந்தியர் என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. புனேயில் பொறியியல் கற்ற சுகாஸ் பதங்கர் என்பவர் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்று, பிரையன் ஸ்போல்டிங் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். இருவரும் 1972-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். முதலில் அமுக்கத்தை ஊகித்துக்கொள். அதைக் கொண்டு வேகத்தைக் கண்டுபிடி. ஒவ்வொரு பெட்டியிலும் வரவும் செலவும் ஒத்துவருகின்றனவா என்று பார். ஒத்துவராவிட்டால் அமுக்கத்தைச் சிறிது திருத்து. மறுபடியும் பார். தராசின் முள் நடுவில் நிற்கும் வரை படிக்கல்லைக் கூட்டியும் குறைத்தும் வைப்பது போன்றதே இது. 1980-ல் பதங்கர் எழுதிய நூல் உலகெங்கும் பொறியியல் மாணவர் கைகளிற் புழங்குகிறது.

தேயிலைக்கும் இம்முறை வந்துசேர்ந்தது. துளையிட்ட தட்டின் கீழிருந்து சூடான காற்றை ஊதி, கொதிக்கும் பானையில் அரிசி புரள்வது போலத் தேயிலைத் தூளைப் புரளவிட்டு உலர்த்தும் டிரையர் ஒன்று உண்டு. தலவாக்கலையிலுள்ள எமது தேயிலை ஆராய்ச்சி நிலையம் இவ்வகை டிரையரை இலங்கைக்குப் பொருத்தும் முயற்சியில் ஈடுபட்டது. ஆபிரிக்காவில் மலாவி நாட்டின் தேயிலை ஆராய்ச்சியாளரான டெம்பிள் என்பவரும், ஒல்லாந்து வாகனிங்கன் பல்கலைக்கழகத்து வான் பொக்ஸ்ரல் என்பவரும் இந்த டிரையருக்குள் நடப்பதைக் கணித்து 1999-ல் வெளியிட்டார்கள். அவர்கள் எங்கே தொடங்கினார்கள் என்பது கவனிக்கற்பாலது. கணினியின் முன் அமர்ந்து தொடங்கவில்லை. தேயிலையை மெல்லிய படையாகப் பரப்பி, இன்ன சூட்டில் இன்ன வேகத்தில் உலர்கிறது என்று முதலில் அளந்தார்கள். அந்த அளவின் மேலேதான் கணக்கைக் கட்டினார்கள்.

அளவு ஏன் அவ்வளவு முக்கியம்? பெட்டிகளின் கணக்கு ஓரிடத்திலாவது வெளியுலகத்தைத் தொட வேண்டும். உள்ளே வரும் காற்றின் சூடு என்ன, ஈரம் என்ன, சுவரில் எவ்வளவு வெப்பம் போகிறது, கொழுந்தில் எவ்வளவு நீர் என்பவற்றைக் கணக்குத் தானாக அறியாது. இவற்றை எல்லை நிபந்தனைகள் என்று கணித அறிஞர் அழைக்கிறார்கள். எல்லையிலே பொய்யான எண்ணைக் கொடுத்தால், இலட்சம் பெட்டிகளும் அந்தப் பொய்யை உண்மையென நம்பி, ஒழுங்காகவும் அழகாகவும் வர்ணப் படங்களாகக் காட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கேயும் பொருந்தும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. துன்ஹிந்தை அருவியின் அடியில் நின்று பாருங்கள். மேலே ஒரே சீராக வரும் பதுளு ஓயா, விழுந்தவுடன் ஆயிரம் சுழலாகச் சிதறுகிறது. மான்செஸ்ரரில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் என்பவர் கண்ணாடிக் குழாயிற் சாயத்தை ஓடவிட்டு, மெதுவாக ஓடும் நீர் நூல்போலச் செல்வதையும், வேகம் ஓரளவைத் தாண்டியதும் கலங்கிச் சுழல்வதையும் 1883-ல் காட்டினார். அச்சுழல்கள் அனைத்தையும் எண்ணப் புகுந்தாற் பெரிய கணினியும் திணறும். ஆகவே பொறியியலாளர் அவற்றைச் சராசரியாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சராசரி சரியா, பிழையா என்பதை மறுபடியும் அளந்துதான் பார்க்க வேண்டும். அன்றியும் கணக்குக்கு மூக்கு இல்லை. வெப்பநிலையை அது சொல்லும், மணத்தைச் சொல்லாது. டிரையரின் வாயில் நின்று கையில் ஒரு பிடி அள்ளி மோந்து, "இன்னும் இரண்டு நிமிஷம்" என்று கூறும் டீமேக்கருக்குக் கணக்கு ஒரு துணையேயன்றி மாற்று அன்று.

இதுவரை காற்றைப் பற்றிப் பேசினோம். நீரைப் பற்றியும் பேசாமல் ஊவாவில் இப்பேச்சை முடிக்க முடியாது.

மண்ணுக்கும் பாறைக்கும் உள்ளே நீர் ஓடும் விதத்தைப் பிரான்சின் டிஜோன் நகரத்துப் பொறியியலாளர் டார்சி 1856-ல் வகுத்தார். நிலத்தடி நீரின் கணக்கும் பெட்டிக் கணக்கே. ஆனால் டிரையரின் சுவரை நாம் காணலாம். பாறையின் வெடிப்பைக் காண முடியாது. உமா ஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் வெட்டியபோது, 2014 டிசெம்பரிற் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தது. அதன் பின் பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017-ல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வேலை முடிந்து 2024 ஏப்ரல் 24-ஆம் திகதி திட்டம் திறந்துவைக்கப்பட்டது. அதன் மின்வலு 120 மெகாவாற்று. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. யாருடைய பிழை என்று தீர்ப்புச் சொல்வதும் இம்மேடையின் வேலையன்று. நாம் கேட்பது ஒன்றே. ஒரு கிணறு வற்றிவிட்டது என்று சொன்னால், முன்பு அதில் எவ்வளவு நீர் நின்றது என்ற கேள்வி எழும். மாசி மாதத்தில் எத்தனை அடி, ஐப்பசியில் எத்தனை அடி என்று பத்து வருடக் குறிப்பு ஒரு கொப்பியில் இருந்தால், அந்தக் குடும்பம் நிமிர்ந்து நின்று பேசலாம். குறிப்பு இல்லாவிட்டால், கண்ணீர் மாத்திரமே சாட்சி. கணக்குச் செய்யும் பொறியியலாளருக்கும் அந்தக் கொப்பியே எல்லை நிபந்தனை.

2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டதை எவர் மறப்பார்? மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, துளைகளில் அமுக்கம் ஏறி, மண்ணின் பிடி தளர்வதே மண்சரிவு. அதுவும் பாய்பொருளின் ஓட்டமே. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாகவும், 150 ஆனால் வெளியேறவும் வேண்டும் என்ற அடிப்படையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுக்கிறது. அந்த மில்லிமீற்றரை யார் அளப்பது? கொழும்பில் இருந்துகொண்டு எமது மலையின் மழையை அளக்க முடியாது. ஒரு மலையில் வெயிலும் அடுத்த மலையில் மழையும் இருப்பது ஊவாவின் வழக்கம்.

ஆகவே வாலிப அன்பர்களே, எமது கடமை இரு வகைப்பட்டது.

முதலாவது, அளப்பது. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. நேரான பக்கங்களையுடைய ஒரு பாத்திரமும் அடிமட்டமும் இருந்தால் மழையை ஓரளவு அளக்கலாம். இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி வைத்தால், இரண்டுக்குமுள்ள வித்தியாசம் காற்றின் வறட்சியைச் சொல்லும். வாட்டும் மாடியில் ஐயாமார் பார்ப்பதும் இதைத்தான். ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கல்லைக் கட்டினாற் கிணற்றின் நீர்மட்டத்தை வாரமொருமுறை அறியலாம். திகதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். எமது சங்கத்தின் கிளை ஒவ்வொன்றும் இத்தகைய ஒரு கொப்பியை வைத்திருக்க வேண்டும் என்பது எமது வேண்டுகோள். அளக்கும்போது ஒரு விரதம் காக்க வேண்டும். பார்த்ததையே எழுத வேண்டும். பாராத நாளை வெறுமையாக விட வேண்டும். ஊகித்து நிரப்பிய எண், எழுதாத எண்ணைவிடத் தீமை செய்யும்.

இரண்டாவது, கணிப்பது. எமது தாத்தாமாரும் பாட்டிமாரும் காற்றைத் தோலால் அறிந்தார்கள்; கொழுந்தின் பதத்தை விரலால் அறிந்தார்கள். அவர்கள் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அதற்கு விலையும் கிடைக்கவில்லை. எல்லையிலே நின்று வேலை செய்தவர் நாம். உள்ளே கணக்குப் போட்டவர் வேறொருவர். இந்த நிலை மாற வேண்டுமானால் எமது பிள்ளைகள் கணிதம் கற்க வேண்டும். தோட்டப் பகுதிகளில் உயர்தரத்திற் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு என்பதை யாவரும் அறிவர். அந்தக் குறையைக் காட்டிப் பிள்ளைகளைக் கணிதத்திலிருந்து விலக்குவதை விட, மாலை வகுப்புக்கு ஒரு விளக்கையும் ஒரு பலகையையும் தேடிக் கொடுப்பது பெரியோர்க்கு அழகு.

வழிகள் முன்னைவிடத் திறந்திருக்கின்றன. ஓப்பின்போம் என்ற கணிப்பு மென்பொருள் 2004-ஆம் ஆண்டில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியதாக வெளியிடப்பட்டது. இம்பீரியல் கல்லூரியில் வளர்ந்த அம்மென்பொருள் சாதாரணக் கணினியிலும் ஓடும். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005-ல் அமைந்து, தேயிலைத் தொழில்நுட்பத்தையும் ஒரு பாடநெறியாகக் கற்பித்தது. ரிச்சர்ட்சன் ஆறு வாரம் கையால் உழைத்த கணக்கைப் போன்றதை இன்று ஒரு மாணவி தன் மேசையில் இருந்தபடியே சில நொடிகளிற் செய்துமுடிக்கலாம். ஆனால் அவளுக்கும் ஸ்டோரிலிருந்து ஓர் உண்மையான எண் வேண்டும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். முப்பது, நாற்பது வருடம் டிரையரின் அருகே நின்றவர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். விசிறிக்கு எட்டத்திலுள்ள தொட்டி முனையில் கொழுந்து எப்பொழுது பிந்தி வாடும், எந்தக் காற்றுக்கு எந்த ஜன்னல், எந்த விறகு எப்படி எரியும் என்று உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளையைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவன் எழுதட்டும். உங்கள் அனுபவத்தையும் அவன் கணக்கையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தால், எங்கே ஒத்திருக்கிறது, எங்கே ஒத்துவரவில்லை என்பது தெரியும். ஒத்துவராத இடத்திலேதான் புதிய அறிவு பிறக்கும். ரிச்சர்ட்சனின் 145 மில்லிபாரும் அப்படிப்பட்ட இடமே.

வரும் ஆடியிலும் காற்று மலையைத் தாண்டி இறங்கத்தான் போகிறது. அன்று தொடங்கி ஒவ்வொரு கிளையும் இரு வெப்பமானிகளோடும் ஒரு கொப்பியோடும் காத்திருக்கட்டும். அடுத்த ஆண்டு மலரில் அந்தக் கொப்பிகளின் எண்களை அச்சிட்டு வெளியிடச் சங்கம் ஆவன செய்யும் என்று நம்புகிறோம்.